காட்பாடி வீட்டுத் தோட்டத்தில் பல்லாண்டுச் செடிகள்: நான்கு வயதுக் குண்டுமல்லி ஏன் பூக்கவில்லை?

காட்பாடிப் பின்வாசல் | 26 அக்டோபர்

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் வீடு கட்டிக் குடிவந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வீட்டின் பின்புறம் இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் உள்ள இடத்தைச் செடிகளுக்கென்றே விட்டு வைத்தோம். வேலைக்குப் போகும் எனக்கு ஆண்டுதோறும் விதைத்துப் பிடுங்கும் காய்கறிகளைப் பார்த்துக்கொள்ள நேரம் போதாது. ஆகவே, ஒருமுறை வைத்தால் பல ஆண்டுகள் நின்று பயன் தருபவையாகப் பார்த்து ஒரு குண்டுமல்லி, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, இரண்டு செம்பருத்தி ஆகியவற்றை வைத்தேன்.

செம்பருத்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மல்லிதான் மனத்தை வருத்துகிறது. நான்கு வயதாகியும் இடுப்பளவு உயரம்கூட வரவில்லை. கொழுந்து இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வெளுத்துவிடுகிறது. சென்ற கோடை முழுவதும் பூத்ததைச் சேர்த்து வைத்திருந்தாலும் ஒரு முழம் கட்ட வந்திருக்காது. கறிவேப்பிலை மூன்று ஆண்டுகளாக முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது. எலுமிச்சை இலைகள் நுனியிலிருந்து தீய்ந்துகொண்டு வருகின்றன.

காலையும் மாலையும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு குவளை ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றுகிறேன். சமையலறையில் உள்ள ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரையும் வீணாக்காமல் வாளியில் பிடித்து ஊற்றிவிடுகிறேன். மாதம் ஒருமுறை கடையில் வாங்கிய கலப்பு உரம் ஒரு பிடி இடுகிறேன். என் மாமியார், "வேலூர் வெயிலுக்கு அரளியும் கள்ளியும்தான் நிற்கும், மற்றதெல்லாம் காசுக்குக் கேடு" என்கிறார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அவர் சொல்வதையே வைத்துவிடலாமா?

சத்துவாச்சாரி மாடி | 26 அக்டோபர்

பிடுங்க வேண்டாம். கறிவேப்பிலைக்குப் புளித்த மோரை நீர் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். மல்லியின் வேரடியில் நாலைந்து துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்து வையுங்கள். இலை மஞ்சளாவது இரும்புச் சத்துக் குறைவினால்தான். எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்திலிருந்து செய்து வருகிறோம்.

விரிஞ்சிபுரம் பெரியவர் | 27 அக்டோபர்

அம்மா, நீங்கள் அடையாளத்தைச் சரியாகச் சொன்னதால் பாதி வேலை முடிந்தது. அடியிலை முழுவதுமாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். கொழுந்திலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி வெளுத்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுதான். சத்துவாச்சாரி நண்பர் நோயைச் சரியாகக் கண்டிருக்கிறார். மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நம் பகுதிச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது, அதன் நிறமே இரும்பு தந்ததுதான். மண்ணில் சுண்ணாம்பு ஏறிக் காரத்தன்மை மிகும்போது அந்த இரும்பு நீரில் கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. வேர் பக்கத்திலேயே இருந்தும் எடுக்க முடிவதில்லை. அப்படிப்பட்ட மண்ணில் ஆணியைப் புதைத்தால், அந்தத் துருவும் அதே கரையாத கூட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். மோரில் புளிப்பு உண்டு என்பதால் ஊற்றிய இடத்தில் சிறிது காலம் சற்று உதவக்கூடும். ஆனால் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மோர் ஊற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதைப் போன்றது.

உங்கள் தோட்டத்துக்கு அது இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். ஒன்று, நீர். ஆர்.ஓ. கருவி உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் பிரித்துத் தள்ளுகிறது. உள்ளே போகும் நீரில் பாதி குடிநீராகவும் பாதி கழிவாகவும் வெளிவந்தால், கழிவு நீரில் உப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். குடிக்கத் தகாதென்று நீங்கள் ஒதுக்கிய உப்பையெல்லாம் நாள்தோறும் எலுமிச்சைக்கு ஊட்டி வந்திருக்கிறீர்கள். இலை நுனி தீய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்த நீரைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் இருந்தால் அதைச் செடிக்குக் கொடுங்கள், அதில் உப்பு அனேகமாக இருக்காது.

இரண்டாவது வழி, வீடு கட்டியபோது அந்த இடத்தில் என்ன கொட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. மல்லியிலிருந்து ஓர் அடி தள்ளி, கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்து, கண்டதை அப்படியே இங்கே எழுதுங்கள். அதற்கு முன் உரம் எதுவும் போட வேண்டாம்.

காட்பாடிப் பின்வாசல் | 29 அக்டோபர்

ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரும் நானும் தோண்டினோம். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

மேலே அரை அடிக்கு நல்ல செம்மண் இருந்தது. அதற்குக் கீழே கடப்பாரை "ணங்" என்றது. உடைந்த செங்கல், பூச்சு வேலையில் உதிர்ந்த சிமெண்டுக் கட்டிகள், ஓட்டுத் துண்டுகள், கட்டுக்கம்பி, ஒரு முழுப் பெயிண்டு மூடி என்று கூடை கூடையாக வந்தன. கொத்தனார் வேலை முடிந்து போகும்போது இடத்தைச் சமன் செய்து தருகிறேன் என்று சொன்னதன் பொருள் இப்போதுதான் விளங்கியது.

பிறகு மல்லியின் பக்கமாகக் கையால் மண்ணை விலக்கியபோது ஒரு கறுப்பு விளிம்பு தட்டுப்பட்டது. நாற்றுப் பண்ணையிலிருந்து செடி வந்த பிளாஸ்டிக் பை அது. நட வந்த ஆள், பையை இரண்டு இடத்தில் கீறிவிட்டால் போதும், வேர் தானே வெளியே வந்துவிடும் என்று சொன்னதை நம்பி அப்படியே குழியில் இறக்கிவிட்டோம். நான்கு ஆண்டுகளாக வேர் அந்தப் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சும்மாடு போல இறுகிக் கிடக்கிறது. கீறல் வழியாக வெளியே வந்தது பென்சில் கனத்தில் ஒரே ஒரு வேர்தான்; அதுவும் சிமெண்டுக் கட்டியில் முட்டி வளைந்து நிற்கிறது. பார்த்தபோது செடியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

உப்பளக்கும் சிறிய கருவி ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தது. ஆழ்துளை நீர் லிட்டருக்கு 1,150 மில்லிகிராம் காட்டியது. ஆர்.ஓ. கழிவு 2,080. குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அளவு சொல்வதாக அவர் கூறினார். அதையும் தாண்டியதைத்தான் நான் சிக்கனம் என்று நினைத்துச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன்.

குடியாத்தம் அக்கா | 29 அக்டோபர்

தங்கச்சி, இந்தப் பைச் சங்கதியில் நீங்கள் தனியாக இல்லை. எங்கள் வீட்டு மாதுளையும் இப்படித்தான் மூன்று ஆண்டுகள் ஊமையாக நின்றது. ஒரு நாள் பெருங்காற்றில் அடியோடு சாய்ந்து, பையோடு வெளியே வந்தது. பல்லாண்டுச் செடியில் இது ஒரு தொல்லை: கத்தரியோ வெண்டையோ என்றால் தவறு ஆறே மாதத்தில் தெரிந்துவிடும், நட்ட அன்று செய்த பிழையை இவை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்துக்கொள்ளும். இப்போது என் ஐயம் இதுதான். நான்கு வயதுச் செடியைப் பெயர்த்தெடுத்தால் பிழைக்குமா?

விரிஞ்சிபுரம் பெரியவர் | 30 அக்டோபர்

பிழைக்கும். மல்லி வெட்டுக்கு அஞ்சாத செடி, பருவம் பார்த்துச் செய்தால் போதும். குண்டுமல்லியைக் கவாத்து செய்ய வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் காலம் நவம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தில், எல்லாக் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். குண்டுமல்லி புதிதாக வரும் தளிரில்தான் மொட்டு வைக்கும் என்பதால், வெட்டாமல் விட்ட செடி பழைய குச்சிகளைச் சுமந்துகொண்டு உச்சியில் நாலு பூவோடு நின்றுவிடும். நீங்கள் எப்படியும் அப்போது வெட்டத்தான் வேண்டும், இடமாற்றத்தையும் அன்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே இலை இல்லாதபோது வேருக்குச் சுமை குறையும்.

அதற்குள் புதுக் குழியை ஆயத்தப்படுத்துங்கள். இரண்டடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழியிலிருந்து கட்டட இடிபாடு முழுவதையும் எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். சலித்துவிட்டு அதே மண்ணைத் திரும்பப் போடுவது வேண்டாம், சிமெண்டுத் தூள் அதில் கலந்திருக்கும். இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரமும் கலந்து, இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்து, ஒரு மழை வாங்கும்வரை குழியைப் பாதி நிரப்பி ஆறவிடுங்கள். செடியை எடுத்ததும் பையை முழுவதும் கிழித்தெறியுங்கள். சும்மாடாகச் சுற்றிய வேரை அப்படியே வைத்தால் புதுக் குழியிலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கூர்மையான கத்தியால் வேர்க்கட்டியின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக நான்கு பக்கமும் ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறி, அடியில் சுருண்டதை அறுத்துவிட்டுப் பிறகு நடுங்கள். கை நடுங்கும்; பரவாயில்லை.

மஞ்சளுக்கு உடனடி மருந்தாக அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து மாலை வேளையில் இலை நனையத் தெளிக்கலாம். மாதம் ஒருமுறை, கொழுந்து பச்சை பிடிக்கும்வரை தெளித்தால் போதும். மண்ணில் கொட்டினால் அதுவும் கரையாமல் கட்டிப்போகும், இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

சத்துவாச்சாரி மாடி | 30 அக்டோபர்

ஆணி வைத்தியத்தை நான் விட்டுவிடுகிறேன் ஐயா. ஆனால் காரத்துக்கு ஜிப்சம் போட்டால் சரியாகுமே, இடிபாட்டைத் தோண்டி எடுக்கும் உழைப்பு எதற்கு?

ஆரணி உழவர் | 31 அக்டோபர்

ஜிப்சம் சோடிய உப்பு ஏறிய களர் நிலத்துக்கு உரியது. அதிலும் சுண்ணாம்புச் சத்துதான் இருக்கிறது. சிமெண்டினால் வந்த சுண்ணாம்புக்கு ஜிப்சம் போடுவது பொருந்தாது. தோண்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறமல்ல, மானாவாரி நிலம் என்று பொருள். கொல்லையை உழுவதற்கு முன் கல் பொறுக்குவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது நீர் பாய்ச்சும் முறையைப் பற்றி. இரு வேளையும் ஒரு குவளை என்பதுதான் இந்தத் தோட்டத்தின் பெரிய நோய் என்று எனக்குப் படுகிறது. ஒரு குவளை நீர் இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்காது. வேர் நீர் இருக்கும் இடத்தைத் தேடி மேலேயே பரவும். சித்திரையில் அந்த மேல்மண் கை வைக்க முடியாதபடி சுடும்போது வேரும் சேர்ந்து வேகும். அத்துடன், நீர் ஆவியானபின் உப்பு அங்கேயே தங்கிப் படிந்துகொண்டே வரும். வேலூர் வெயிலுக்குச் செடி நிற்காது என்று பெரியவர்கள் சொல்வதில் பாதிப் பழி இந்தக் குவளைக்குச் சேர வேண்டியது.

செடியைச் சுற்றி மூன்றடி விட்டத்தில் பாத்தி கட்டுங்கள். அதில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழப் பதினேழு லிட்டர், அதாவது ஒரு பெரிய வாளி வேண்டும். அதை ஒரே தடவையில் ஊற்றிவிட்டு, விரலை உள்ளே விட்டால் இரண்டு அங்குலத்துக்குக் கீழும் காய்ந்திருக்கும்போது மட்டும் மறுபடி ஊற்றுங்கள். கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை, மற்றக் காலத்தில் வாரம் ஒருமுறை அமையலாம். கணக்குப் பார்த்தால் இப்போது செலவாகும் நீரைவிடக் கூடுதல்தான், ஆனால் வேர் இருக்கும் ஆழத்துக்கு இறங்கும். உப்பையும் வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டு போகும்.

செடியடி மண் காயாமல் மூடி வைக்கும் மூடாக்குக்கு நம் ஊரில் கடலைத்தோலை மிஞ்சியது இல்லை. வேர்க்கடலை உடைக்கும் இடங்களில் மூட்டையாகக் கிடைக்கும். மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். கறையான் வரும் என்பதால் தண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளியே போடுங்கள்.

ஐயாவிடம் ஒரு கேள்வியும் உண்டு. கவாத்துக்கு முன் நீரை நிறுத்திச் செடியை வாடவிட வேண்டும் என்பார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். வானத்தை யார் நிறுத்துவது?

விரிஞ்சிபுரம் பெரியவர் | 31 அக்டோபர்

நல்ல கேள்வி. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது என் மல்லிப் பாத்தியில் பத்து நாள் நீர் நின்றது. அந்த ஆண்டு மார்கழி பிறந்தபிறகுதான் வெட்டினேன். பூ இரண்டு வாரம் பிந்தி வந்ததே தவிர வராமல் போகவில்லை. நாள்காட்டியைவிடச் செடிக்குக் கிடைக்கும் ஓய்வுதான் முக்கியம். பாத்தியின் கரையை உடைத்து நீர் ஓடிவிடுமாறு செய்துவிட்டு, நாலைந்து நாள் மழை விட்ட இடைவெளி பார்த்து, காய்ந்த பொழுதில் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டிய காயத்தில் பூசணம் ஏறும். கட்டை விரலைவிடத் தடித்த வெட்டுக்குப் பூசணம் தடுக்கும் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவிவிடலாம்.

உங்கள் நீர்க் கணக்கு முழுவதும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மாடியில் ஆயிரம் சதுர அடிப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் கிடைக்கும். குழாயைப் பாத்திகளுக்குத் திருப்பிவிட்டால், ஓர் ஆண்டு சேர்ந்த உப்பை ஒரு நல்ல மழை கழுவிவிடும். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட மலிவான மண் மருத்துவம் எனக்குத் தெரியவில்லை.

சத்துவாச்சாரி மாடி | 1 நவம்பர்

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். என் தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதை இத்தனை நாளாகப் பூசணம் என்று துடைத்துக்கொண்டிருந்தேன். நேற்று நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு! அடித்துளை வழியாக வடியும்வரை மழைநீரை இரண்டு முறை நிறைய ஊற்றியிருக்கிறேன்.

இருந்தாலும் மோருக்காக ஒரு சொல் பேச வேண்டும். எங்கள் கறிவேப்பிலை மோர் குடித்துத்தான் ஓடு தொடும் உயரத்துக்கு வளர்ந்தது.

குடியாத்தம் அக்கா | 1 நவம்பர்

உங்கள் கறிவேப்பிலை வளர்ந்ததற்கு மோரைவிட உங்கள் வீட்டுச் சமையல்தான் காரணமாக இருக்கும். தினமும் தாளிப்புக்குக் கொத்தாக ஒடித்திருப்பீர்கள். நான் பார்த்தவரையில் கறிவேப்பிலையில் பலரும் செய்யும் தவறு, இரக்கப்பட்டு அடியிலையை மட்டும் ஒவ்வோர் ஈர்க்காக உருவுவதுதான். நுனி அப்படியே நிற்பதால் செடி ஒற்றைக் குச்சியாக மேலே போகும். நுனியை ஓரடி நீளத்துக்குக் காம்போடு கத்தரித்தால் கீழே மூன்று நான்கு கிளை வெடிக்கும். பூவும் காயும் விடும்போது அவற்றைக் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் இலை சிறுத்துப் போகும். குயிலுக்காக ஒரு கொத்தை மட்டும் நான் விட்டு வைப்பேன். அது தின்று போட்ட விதையிலிருந்து எங்கள் சந்து முழுக்கக் கன்று முளைத்திருக்கிறது.

தங்கச்சி, உங்கள் செடியின் கொழுந்தில் பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது எச்சமில்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தபின் பச்சையாகி, ஒரே இரவில் ஒரு கிளையை மொட்டையடித்துவிடும். சிறு செடியாயிருந்தால் கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்தடிக்க வேண்டாம், சாப்பிடுகிற இலை. எலுமிச்சையும் அருகிலேயே இருப்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

காட்பாடிப் பின்வாசல் | 3 நவம்பர்

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மின்கைவிளக்கோடு போய்ப் பார்த்தேன். கறிவேப்பிலையில் ஏழு, எலுமிச்சையில் பதினொன்று. குச்சியால் தொட்டபோது தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி, அழுகிய பழம் போல ஒரு வாடையைப் பரப்பியது. மூன்று ஆண்டுகளாக எச்சம் என்று நினைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவப் பார்த்திருக்கிறேன்!

இடிபாட்டை எடுத்தபிறகு கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. ஒரு முருங்கை வைக்கலாமா? கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில்தான் இடம் இருக்கிறது.

ஆரணி உழவர் | 3 நவம்பர்

தொட்டிக்கும் சுவருக்கும் பத்தடிக்குள் முருங்கை வேண்டாம், சகோதரி. கிளை காற்றில் முறிந்து விழும், மழைக்குப் பின் தண்டில் கம்பளிப்புழு அப்பிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும். வைத்தே தீர வேண்டுமென்றால், விதையில் வரும் பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கையை வைத்து, ஒவ்வோர் ஆண்டும் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடியில் வெட்டிக் கையெட்டும் உயரத்தில் நிறுத்துங்கள். பல ஆண்டு நிற்கும் மரமுருங்கைக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட வேண்டும். அது இந்த இடத்துக்கு மிகையானது.

விரிஞ்சிபுரம் பெரியவர் | 4 நவம்பர்

முருங்கையை நான் முழுவதுமாக மறுக்கிறேன். மூன்றடியில் வெட்டுகிறேன் என்று சொல்பவர்கள் முதல் ஆண்டு மட்டும் வெட்டுவார்கள். 1,150 உப்புள்ள நீருக்கும் இந்த இடத்துக்கும் பொருத்தமானதைத் தேடினால் மாதுளையும் சப்போட்டாவும் நெல்லியும் உப்பை ஓரளவு தாங்கும். அவற்றில் இருபது அடிக்குள் அடங்குவது மாதுளைதான். வேலியோரத்துக்குக் கோவைக் கொடி ஒன்று போதும். ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு வெட்டிவிட்டால் கிழங்கு போன்ற வேரிலிருந்து மறுபடி கிளம்பும். தொட்டியோர நிழலில் ஆடாதோடையோ கற்பூரவல்லியோ வையுங்கள். நட்டால் இம்மாதத்திலேயே நட்டுவிடுங்கள், அல்லது அடுத்த ஆடிவரை காத்திருங்கள். நம் பக்கம் ஆடி, ஆவணி மாலைகளில் இடிமழை நன்றாகவே பெய்யும், அப்போது நட்ட கன்று அக்னி நட்சத்திரத்துக்குள் எட்டு மாதம் வேரூன்றியிருக்கும். தையில் நடாதீர்கள். நீர் சுமந்தே இடுப்பு ஒடியும்.

மண்ணை ஒருமுறை பரிசோதித்தும் கொள்ளுங்கள். எங்கள் ஊரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மார்க்கபந்தீசுவரரைக் கும்பிட வரும்போது ஒரு பை மண்ணும் கொண்டு வந்தால் ஒரே பயணத்தில் முடியும்.

காட்பாடிப் பின்வாசல் | 2 டிசம்பர்

நேற்று முன்தினம் மழை விட்டிருந்தது. மல்லியை வெட்டி, பெயர்த்து, பையைக் கிழித்து, வேரைக் கீறிப் புதுக் குழியில் வைத்தாயிற்று. வேரைக் கீறும்போது என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அங்கே ஒன்றரை அடி உயரத்தில் ஆறு மொட்டைக் குச்சிகள் நிற்கின்றன. மாமியார் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

காட்பாடிப் பின்வாசல் | 27 மார்ச்

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். தை பிறந்து பத்து நாள்வரை மல்லிக் குச்சியில் எந்த அசைவும் இல்லை. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை இருக்கிறதென்று என்னையே தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு கணுவில் மிளகளவு சிவந்த முளை ஒன்று வந்தது. அதன்பின் வாரத்துக்கு வாரம் வேறு செடியாகிவிட்டது. அன்னபேதி இரண்டு முறை தெளித்தேன். புதிய இலைகள் கரும்பச்சை. சென்ற செவ்வாய் காலையில் முதன்முறையாகப் பதினான்கு மொட்டு பறித்தேன். மாலையில் சாமி படத்துக்கு முன் அவை விரிந்தபோது வாசனை கூடம்வரை வந்தது.

எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். கறிவேப்பிலை இரண்டடி உயர்ந்து மூன்று கிளை விட்டிருக்கிறது. எலுமிச்சையில் புதுத் துளிர் வந்தாலும் பழைய நுனிகள் தீய்ந்தது தீய்ந்ததுதான். நவம்பரில் வைத்த மாதுளைக் கன்றை மூடாக்குக்குள் வந்த கறையான் அரித்துவிட்டது. நாலு விரற்கடை தள்ளிப் போடச் சொன்னதை நான் மறந்து, தண்டோடு சேர்த்துக் கடலைத்தோலைக் குவித்துவிட்டேன்.

இப்போது ஒரு கேள்வி. சில மொட்டுகள் விரியாமல் ஊதா நிறமாகிக் காய்ந்து உதிர்கின்றன. இதுவும் உப்பா?

விரிஞ்சிபுரம் பெரியவர் | 28 மார்ச்

உப்பில்லை அம்மா, மொட்டு ஈயின் வேலை. நிறம் மாறிய மொட்டுகளை உதிரும் முன்பே பறித்து எரித்துவிடுங்கள், கீழே விழ விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். செடியடியில் உள்ள மூடாக்கை விலக்கி மண்ணை லேசாகக் கொத்தி வெயில் படவிடுங்கள். ஒரு செடிதான் என்பதால் பத்து நாள் கையால் பொறுக்கினாலே அடங்கிவிடும். நல்ல மொட்டுகளை விடியற்காலையில் பறியுங்கள். ஜூன் கடைசியில் ஒரு கூடை தொழு உரம் வையுங்கள். அதுவரை வேறு எதுவும் வேண்டாம்.

மாதுளையை ஆடியில் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

குடியாத்தம் அக்கா | 28 மார்ச்

பதினான்கு மொட்டில் மாமியாருக்கு எத்தனை கொடுத்தீர்கள்?

காட்பாடிப் பின்வாசல் | 28 மார்ச்

பதினான்கையும் அவர்தான் கட்டினார், அக்கா. இன்று காலையில் நான் எழுவதற்கு முன்பே ஊதா மொட்டுகளைப் பொறுக்கி ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு வைத்திருக்கிறார்.